தாமோதரனின் இடது முட்டி

முட்டி வலிக்கிறது என்று சொன்னால் எந்த முட்டி என்று கேட்பார்கள் என்பதைத் தாமோதரன் யோசித்து வைத்திருக்கவில்லை.

“எந்தக் கால் மாப்ளே?” என்றார் மாமியார் ஜெகதாம்பாள்.

தாமோதரன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். இரண்டும் நன்றாக இருந்தன.

“இடது,” என்றான்.

அரை நிமிடத்துக்கு முன்புவரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி, கல்பாக்கம் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு ஏறி, வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே மனைவி வைஷாலியும் அவள் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மாமல்லபுரத்திலிருந்து திருவிடந்தைப் பெருமாள் கோவிலுக்கு நடந்து போவதைப் பற்றிய பேச்சு. வைஷாலிக்குக் கல்யாணம் ஆனால் நடந்தே வருகிறேன் என்று ஜெகதாம்பாள் எப்போதோ வேண்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிவிட்டது. இனியும் தள்ளிப்போட்டால் நன்றாக இருக்காது, அடுத்த வாரச் சனிக்கிழமை போய்விடுவது என்று முடிவாகியிருந்தது.

அவன் உள்ளே வந்ததும் மாமியாரின் முகம் மலர்ந்தது. “வாங்க மாப்ளே, அந்தச் சனிக்கிழமை நீங்க...” என்று ஆரம்பித்தார்.

தாமோதரன் முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதினாறு பதினேழு கிலோமீட்டர் நடப்பது அவனுக்குப் பெரிய பிரச்சினையில்லை. அந்தச் சனிக்கிழமைதான் பிரச்சினை. ஆபீசில் கணக்கு முடிக்கும் வேலை, ஊரில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று மாதக்கணக்கில் எல்லா விடுமுறையும் பறிபோன பிறகு, யாருக்கும் தேவைப்படாத ஒரே நாளாக அது மிஞ்சியிருந்தது. அன்றைக்கென்று ஒரு தடித்த புத்தகத்தை வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்தான். அவனுக்குப் பேச்சு பிடிக்காது என்று சொல்ல முடியாது. எல்லாரும் பேசி முடித்த பிறகு வரும் அமைதி பிடிக்கும். மாமியார் சேலத்திலிருந்து வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் பேசி முடித்ததில்லை.

“வலின்னா குத்துதா, இழுக்குதா, எரியுதா?” என்றார் ஜெகதாம்பாள்.

“இழுக்குது அத்தை.”

“பத்துக்கு எவ்வளவு?”

“ஏழு.”

ஜெகதாம்பாள் வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்கப் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் கத்திரிக்காய் வளர்த்தார். ஒரு பாத்திக்கு உரம் போடுவார். அடுத்த பாத்திக்குப் போட மாட்டார். போடாத பாத்திக்குப் பெயர் கன்ட்ரோல். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தோசை மாவில் பாதிக்கு வெந்தயம் சேர்ப்பார், பாதிக்குச் சேர்க்க மாட்டார்.

“மாத்திரை எல்லாம் வேணாம். செந்தட்டி இருந்தா போதும். மூட்டு வாதத்துக்கு அதைவிட நல்ல இலை கிடையாது,” என்றார்.

வீட்டு வேலைக்கு வரும் சந்திரம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“செந்தட்டியா? இன்னாமா சொல்றீங்க? அது மேல பட்டா உயிரு போய் உயிரு வரும். கால்வா ஓரம் வேலி பூரா அதான் படர்ந்து கீது. மாடு கூட அந்தாண்ட போவாது.”

“அதேதான். நாளைக்கு வரும்போது கொஞ்சம் பறிச்சிட்டு வா.”

“கையாலயா?”

“கையில பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கோ.”

சந்திரம்மா தாமோதரனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். “சாரு இன்னா தப்பு பண்ணாரு?” என்று கேட்டாள்.

மறுநாள் காலை கஷாயம் வந்தது. இலையை வேகவைத்தால் அரிப்பு தரும் சுணை செத்துவிடும், அப்புறம் அது சாதுவான கீரை என்று ஜெகதாம்பாள் விளக்கினார். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டிருந்தார். தாமோதரன் பயந்துகொண்டே குடித்தான். நாக்கு எரியவில்லை. மழையில் நனைந்த வைக்கோலின் ருசி மட்டும் இருந்தது. இவ்வளவுதானா, ஒரு செடியைப் போய் ஊரே இப்படி அவதூறு பேசுகிறதே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. தினம் ஒரு டம்ளர் வைக்கோல் தண்ணீரில் சனிக்கிழமை காப்பாற்றப்படுமானால் அது நியாயமான ஏற்பாடுதான்.

மூன்று நாள் குடித்தான். மூன்று நாளும் வலி ஏழிலேயே நின்றது. அதைக் குறைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

“ஏழா? இன்னிக்கும் ஏழேதானா?” என்றார் ஜெகதாம்பாள்.

“ஏழேகால் இருக்கும்.”

“அப்போ உள்ளுக்குக் கொடுத்தா கேக்காது. மேலுக்குத்தான். வைஷூ, இடுக்கியை எடுத்துட்டு வா.”

“எதுக்கு அத்தை இடுக்கி?”

“பச்சை இலையைக் கையால பிடிக்க முடியாது மாப்ளே.”

“கையால பிடிக்க முடியாததை முட்டியில...”

“வலி இருக்கிற எடத்துல வலியைக் கொடுத்தாத்தான் ரத்தம் ஓடும். வேட்டியைத் தூக்கிக்கோங்க. இடது மட்டும் போதும். வலது கன்ட்ரோல்.”

வைஷாலி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஜெகதாம்பாள் இடுக்கியில் ஒரு கொத்தைப் பிடித்து, ஈரத்துணியை உதறுவதுபோல முட்டியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு தெரிந்தது.

“கத்துங்க மாப்ளே. அடக்கக் கூடாது. கத்தினா நல்லது.”

அவன் கத்தினான். கீழ்வீட்டில் குக்கரை அணைத்துவிட்டு யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

அன்று ஆபீசில் அவன் உண்மையிலேயே நொண்டினான். அதில் ஒரு லாபம் இருந்தது. நடிக்க வேண்டியிருக்கவில்லை. இடது முட்டி பூரி போல உப்பி, சிவந்து, தொட்டால் தீப்பிடிக்கும் நிலையில் இருந்தது. சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, எங்கேயாவது தேய்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. இடதைத் தொட முடியாததால் வலதைத் தேய்த்தான்.

“ஏன் வலதைத் தேய்க்கறீங்க?” என்றார் ஜெகதாம்பாள்.

தாமோதரனின் கை முட்டியிலேயே நின்றது. “இங்கயும்... லேசா இழுக்கற மாதிரி...”

“எப்போலேர்ந்து?”

“இப்போலேர்ந்துதான்.”

ஜெகதாம்பாள் பெருமூச்சு விட்டார். நோய் பரவுகிறதே என்ற கவலையைவிட அதில் வேறொரு வருத்தம் தெரிந்தது. “கன்ட்ரோல் போச்சே,” என்றார்.

மறுநாளிலிருந்து இரண்டு முட்டிக்கும் வைத்தியம் என்று முடிவானது. கன்ட்ரோல் இல்லாமல் எதையும் செய்து பழக்கமில்லாததால், வைஷாலியின் முட்டிகள் கன்ட்ரோலாக அறிவிக்கப்பட்டன.

“எனக்குத்தான் வலியே இல்லையேம்மா.”

“அதனாலதான்டி நீ கன்ட்ரோல்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கே தாமோதரன் செயலில் இறங்கினான். குடியிருப்பின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் சுணையில்லாத குப்பைமேனி நிறைய முளைத்திருந்தது. கண்ணாடி போடாமல் பார்த்தால் அதற்கும் செந்தட்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மாமியார் காலையில் கண்ணாடி போடுவதில்லை. ஒரு கொத்துப் பறித்து வந்து, பால்கனியில் சந்திரம்மா வைத்திருந்த கவரில் போட்டான். கவரிலிருந்து இடுக்கியால் எடுத்த நிஜமான இலையை என்ன செய்வது என்று தெரியவில்லை. படிக்கட்டில் ஆள் வரும் சத்தம் கேட்டது. அழுக்குத் துணிக் கூடையில், தன் பனியன்களுக்கு அடியில் அதைத் திணித்தான். சாயங்காலம் எடுத்துப் போய்க் கால்வாயில் போட்டுவிடலாம்.

வைத்தியம் தொடங்கியது. குப்பைமேனி முட்டியில் பட்டதும் குளிர்ச்சியாக இருந்தது. முந்தின நாள் எரிச்சலுக்கு அது அவ்வளவு இதமாக இருந்ததால் தாமோதரன் கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் தன்னை அறியாமல் ஒரு புன்னகை வந்துவிட்டது.

தட்டுவது நின்றது. கண்ணைத் திறந்தான். மாமியார் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எரியலையா மாப்ளே?”

“இல்லையே அத்தை,” என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது புரிந்தது. “ஆ... எரியுது. எரியுது.”

“இப்போதான் எரியுதா? அடிச்சி ரெண்டு நிமிஷம் ஆச்சே.”

“மெதுவா வருது.”

ஜெகதாம்பாள் மகள் பக்கம் திரும்பினார். குரல் தழைந்திருந்தது. “வைஷூ, இது முட்டி இல்லடி. நரம்பு.”

அன்று மதியம் வைஷாலி துணி துவைத்தாள். கூடையை அப்படியே தலைகீழாக மெஷினில் கவிழ்ப்பது அவள் வழக்கம். மாலையில் தாமோதரன் வந்து பார்த்தபோது கூடை காலியாக இருந்தது. இலையைக் காணவில்லை. கொடியில் அவன் பனியன்கள் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. அவன் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். சோப்புத் தண்ணீரில் சுணை போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

போகவில்லை.

அடுத்த நாள் ஆபீஸ் பஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் முதுகில் ஆரம்பித்தது. பிறகு தோள். பிறகு வயிறு. பக்கத்து சீட்டில் ஸ்டோர்ஸ் பிரிவு ஆபிரகாம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“இன்னா சார், ஒரு மாதிரி நெளிஞ்சிகினே வர்றீங்க?”

“ஒண்ணுமில்ல சார்.”

“எறும்பு கிறும்பு பூந்துகிச்சா?”

“வைத்தியம் பண்ணிக்கறேன்.”

ஆபிரகாம் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு லீவு சொல்லிவிட்டு வீடு திரும்பினான். சட்டையைக் கழற்றியபோது உடம்பில் பாதி நிலப்பரப்பு சிவந்து தடித்திருந்தது. அவனைக் கண்டதும் ஜெகதாம்பாள் பதறுவார் என்று எதிர்பார்த்தான். அவர் பதறவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“உள்ளே இருந்த வாதம் வெளியே வருது,” என்றார். “பார்த்தியா வைஷூ? மருந்து வேலை செய்யுது.”

வைஷாலி கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தாள். அவள் துப்பட்டாவும் அதே தண்ணீரில்தான் துவைக்கப்பட்டிருந்தது. “அம்மா, எனக்கும் அரிக்குதும்மா.”

“உனக்கா? நீ கன்ட்ரோலாச்சே.”

“கன்ட்ரோலுக்குத்தான் அரிக்குது.”

ஜெகதாம்பாள் மெல்ல உட்கார்ந்தார். பண்ணையில் இத்தனை வருட வேலையில் உரம் போடாத பாத்தி காய்த்ததை அவர் பார்த்ததில்லை.

“அப்போ காத்துல பரவுது,” என்றார் கடைசியில்.

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் அவர் ஒரு முழுத் திட்டத்தோடு வந்தார். வெள்ளிக்கிழமை செந்தட்டி வேகவைத்த தண்ணீரில் குளியல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிப்பது. சனிக்கிழமை காலையும் மாலையும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை பச்சை இலை. சந்திரம்மாவிடம் ஒரு கோணிப் பை கொடுத்தனுப்பியாயிற்று.

“சனிக்கிழமை நீங்க கோவிலுக்குப் போகணுமே அத்தை,” என்றான் தாமோதரன்.

“கோவில் எங்கயும் ஓடிப்போகாது. உங்களை இப்படி விட்டுட்டு நாங்க எங்க போறது? நான் எங்கயும் போகல. அன்னிக்கு முழுக்க உங்க பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன். பேச்சுத் துணைக்கும் ஆச்சு.”

அவர் கண்கள் கலங்கியிருந்தன. எழுந்து போய் சாமி அலமாரி முன்னால் நின்றார். கைகூப்பி, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய வெகுநேரம் நின்றார். அவர் வந்ததிலிருந்து அந்த வீட்டில் முதல் முறையாக ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. தாமோதரன் அந்த அமைதியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து யோசித்தான்.

நடந்தால் சனிக்கிழமை போகும். நடக்காவிட்டால் சனிக்கிழமையும் போகும், தோலும் போகும். நடந்தால் மதியத்துக்குள்ளாவது முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை, அண்டாவில் தண்ணீர் கொதிக்கும் முன்பே அவன் சமையலறைக்குப் போனான்.

“அத்தை, வலி போயிடுச்சு.”

“பத்துக்கு?”

“சைபர்.”

“ரெண்டு முட்டியுமா?”

அவன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டுக் காட்டினான். நிறுத்தச் சொல்லும்வரை போட்டான். ஜெகதாம்பாள் நிறுத்தச் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பெருமாளே,” என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, “நாளைக்கு விடியறதுக்குள்ள மாமல்லபுரத்துல இருக்கணும் மாப்ளே. நீங்களும் நடக்கறீங்க. செருப்பு போடக் கூடாது.”

“செருப்பு கூடவா?”

“வேண்டுதல்.”

வைஷாலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளைப் பார்த்த பார்வையில் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சந்திரம்மா கொண்டுவந்திருந்த கோணிப் பையை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

“நல்லாய்ட்டாரா? அதுக்குள்ளயா?” என்றாள் அவள். “நான் ஒரு கோணி அறுத்தேனே.”

சனிக்கிழமை மாமல்லபுரத்தில் இறங்கியபோது கடல் பக்கம் வானம் லேசாக வெளுத்திருந்தது. அவர்களைக் கொண்டுவந்து விட்ட புதுப்பட்டினம் ஆட்டோக்காரர் ஜெபகுமார், தண்ணீர் பாட்டில்களும் புளிசாதமுமாகப் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. ஜெகதாம்பாள் பதினெட்டு வயதுப் பெண் போல முன்னால் நடந்தார். கத்திரிக்காயில் தண்டுத் துளைப்பான் பூச்சி வந்த வருடத்தைப் பற்றி வைஷாலியிடம் சொல்லிக்கொண்டே போனார். தாமோதரன் பின்னால் நடந்தான். சாலை ஓரத்தில் நெருஞ்சி முள் இருந்தது. நெருஞ்சி இல்லாத இடத்தில் ஜல்லி இருந்தது. ஜல்லி இல்லாத இடத்தில் கிளிஞ்சல் இருந்தது. வெயில் ஏறியதும் தார் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. சென்னையிலிருந்து வந்த கார்கள் ஒவ்வொன்றும் அவனுக்காகவே ஹாரன் அடிப்பது போலிருந்தது.

பாதி வழியில் இடது முட்டி இழுக்க ஆரம்பித்தது. கோவளம் போகும் பஸ் ஒன்று அவனைத் தாண்டியபோது வலதும் சேர்ந்துகொண்டது. பத்துக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால் ஒன்பது என்று சொல்லியிருப்பான். கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நிமிர்ந்து நடந்தான்.

திருவிடந்தையில் கோவிலுக்குள் பெண்கள் இருவரும் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் குளக்கரைக்கு வந்து சேர்ந்தான். மாலை போட்டுக்கொண்ட கல்யாணமாகாத பையன்கள் பிரகாரத்தைச் சுற்றப் போய்க்கொண்டிருந்தார்கள். தாமோதரன் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, வேப்ப மர நிழலில் நின்ற ஆட்டோவின் பின் சீட்டில் சாய்ந்தான்.

ஜெபகுமார் டீ டம்ளரை நீட்டினார். “இன்னா சார், காலு ரெண்டும் நடுங்குது? முட்டியா?”

“சத்தமா சொல்லாதீங்க. அத்தை காதுல விழுந்துடப் போகுது.”

“வழி பூரா நீங்க வாயத் தொறக்கல சார். மாமியாருக்கோசரம் இம்மாந் தூரம் வெறுங்கால்ல எவன் நடப்பான்?”

தாமோதரன் டீயை ஒரு வாய் குடித்தான். பாதத்தில் எங்கேயோ ஒரு முள் இன்னும் இருந்தது. நடந்து முடித்த களைப்பில் கொஞ்சம் பெருந்தன்மைகூட வந்திருந்தது.

“என்ன செய்யறது ஜெபகுமார்? எங்க கல்யாணத்துக்காக அவங்க வேண்டிக்கிட்டது. என்னிக்கிருந்தாலும் நான் நடந்துதானே ஆகணும்.”

ஜெபகுமார் அவனைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

“அது அவங்க ரெண்டு பேரு மட்டும் நடக்க வேண்டியது சார், சாரு அன்னிக்கு வூட்ல தனியா புக்கு படிச்சிகினு நிம்மதியா இருக்கட்டும்னு சொல்லித்தான் அம்மா போன வாரம் எனக்கு வண்டி சொன்னாங்க, நீங்க நடந்தது, நேத்து போன்ல அம்மா சொன்னாங்களே, உங்க முட்டி வலி போவணும்னு வியாழக்கெயம சாயங்காலம் அவங்க புதுசா வேண்டிகினது.”